வெட்டி எடுத்த பின்னும் கதிர்வீச்சு ஏன்?

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளும் இரட்டைச் சிகிச்சையும்

காது மடலுக்குக் கீழே, அல்லது தாடை எலும்பின் ஓரத்தில், கடலை அளவில் ஒரு கட்டி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. முகம் கழுவும்போது கைக்குத் தட்டுப்படும், அவ்வளவுதான். "குளிருக்கு நெறி கட்டியிருக்கும்" என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்வார்கள். மஞ்சளோ சுண்ணாம்போ பூசிப் பார்ப்பார்கள். மாதங்கள் போகும். சிலருக்கு வருடங்களே போய்விடும்.

ஒருவாறு வைத்தியசாலைக்குப் போய், சத்திரசிகிச்சையும் முடிந்து, தையலும் வெட்டி வீடு வந்த பிறகு, கிளினிக்கில் வைத்தியர் ஒரு கடிதத்தைக் கையில் கொடுக்கிறார். கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் போகவேண்டும் என்கிறார். குடும்பத்தில் குழப்பம் தொடங்குவது இங்கேதான். "கட்டிய முழுசா எடுத்தாச்சி எண்டு டொக்டர் சொன்னாரே மகன், இனி என்னத்துக்கு கரன்ட்?" என்று உம்மா கேட்கிறார். மகனிடம் பதில் இல்லை. கடிதம் அலுமாரிக்குள் போய்விடுகிறது.

உம்மாவின் கேள்வி நியாயமானது. அதற்கு நியாயமான பதிலும் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, முதலில் இந்தச் சுரப்பிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

உமிழ்நீர் சுரக்கும் இடங்கள்

நமது வாயில் ஒரு நாளைக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. உணவை நனைப்பதும், விழுங்க உதவுவதும், பற்களைப் பழுதடையாமல் காப்பதும் இந்த நீர்தான்.

இதைச் சுரப்பதற்கு மூன்று சோடிப் பெரிய சுரப்பிகள் உண்டு. மிகப் பெரியது காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்தில் இருக்கும் கன்னச் சுரப்பி. கூகைக்கட்டு வந்தால் வீங்குவது இதுதான். அடுத்தது தாடை எலும்பின் கீழே இருக்கும் தாடைக்கீழ்ச் சுரப்பி. மூன்றாவது நாக்கின் அடியில் இருப்பது. இவை தவிர, உதட்டின் உட்புறம், அண்ணம், கன்னத்தின் உட்பக்கம், தொண்டை என்று 600 முதல் 1000 வரையான மிகச் சிறிய சுரப்பிகள் பரந்து கிடக்கின்றன. இவற்றில் எதிலும் கட்டி வரலாம்.

எல்லாக் கட்டியும் புற்றுநோயல்ல

கேட்டவுடன் மனம் ஆறுதலடையக்கூடிய செய்தி ஒன்று உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் நூற்றுக்குச் சுமார் 80 வீதம் கன்னச் சுரப்பியிலேயே வருகின்றன. அப்படிக் கன்னச் சுரப்பியில் வருபவற்றில் நூற்றுக்குச் சுமார் 80 வீதம் புற்றுநோயல்லாத சாதாரண கட்டிகள்.

ஆனால் சுரப்பி சிறிதாகச் சிறிதாக ஆபத்து கூடுகிறது. தாடைக்கீழ்ச் சுரப்பியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுநோயாக இருக்கலாம். நாக்கின் கீழும் சிறு சுரப்பிகளிலும் வருபவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயே. ஆகவே அண்ணத்தில் தோன்றும் ஒரு சிறு தடிப்பை, கன்னத்தில் வரும் பெரிய கட்டியைவிட அலட்சியமாக எண்ணக்கூடாது.

காரணம் என்ன என்று கேட்டால், பெரும்பாலான நோயாளிகளிடத்தில் குறிப்பிட்டுச் சொல்லக்கூடிய காரணம் எதுவும் தென்படுவதில்லை. வெற்றிலையும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயின் பெரும் காரணிகள். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளோ வெற்றிலையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் வருகின்றன. 'வோர்தின் கட்டி' எனப்படும் சாதாரண கட்டி மட்டும் புகைப்பவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. 1945இல் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் வீசப்பட்ட அணுகுண்டுகளில் தப்பியவர்களிடையே உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள் கூடுதலாகக் காணப்பட்டன. கதிர்வீச்சு நோயைத் தீர்க்கவும் வல்லது, நோயை உண்டாக்கவும் வல்லது என்பதற்கு இது ஓர் அத்தாட்சி. இதைப் பின்னால் மீண்டும் பார்ப்போம்.

தாமதிக்கக்கூடாத அடையாளங்கள்

கட்டி திடீரென வேகமாகப் பெருத்தல், இடைவிடாத வலி, அசைத்தால் அசையாமல் உறைந்திருத்தல், மேற்தோல் புண்ணாதல், கழுத்தில் வேறு நெறிகள் தோன்றுதல் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கட்டியிருக்கும் பக்கத்தில் முகம் கோணுதல். கண் முழுதாக மூடவில்லை, சிரித்தால் வாய் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால், அதை வெறும் முகவாதம் என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கட்டி முகநரம்பைப் பிடித்திருக்கக்கூடும்.

வைத்தியசாலையில் மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில கலங்களை உறிஞ்சி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். "ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும்" என்ற பயம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. இந்த மெல்லிய ஊசிப் பரிசோதனையைப் பொறுத்தவரை அது வீண் பயம். தவிர்க்க வேண்டியது வேறொன்று. கன்னத்தில் இருக்கும் கட்டியை மேலால் கீறி ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பார்ப்பது பொதுவாக நல்லதல்ல. கட்டியின் கலங்கள் சிந்திவிடவும், நரம்பு பழுதுபடவும் இடமுண்டு. ஊசிப் பரிசோதனையோடு, தேவைக்கேற்ப எம்.ஆர்.ஐ. அல்லது சி.ரி. ஸ்கேனும் எடுக்கப்படும்.

கத்தி செய்யும் வேலை

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிக்கு முதற் சிகிச்சை சத்திரசிகிச்சைதான். சாதாரண கட்டிக்கும் அதுவே, புற்றுநோய்க்கும் அதுவே.

"சாதாரண கட்டிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. இவற்றுள் மிகப் பரவலாகக் காணப்படுவது 'பிளியோமோர்பிக் அடினோமா' என்ற கட்டி. இது புற்றுநோயல்ல. ஆனால் வருடக்கணக்கில் உள்ளே கிடந்தால் ஒரு பகுதியினரில் புற்றுநோயாக மாறுகிறது. வருடம் கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடுகிறது.

இதை அகற்றுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. முற்காலத்தில் மாங்கொட்டையைப் பிதுக்கி எடுப்பதுபோல் கட்டியை மட்டும் அதன் உறையிலிருந்து தோண்டி எடுத்தார்கள். பார்வைக்குச் சுத்தமாக முடிந்த வேலைதான். ஆனால் பலருக்குக் கட்டி திரும்பவும் வந்தது. ஒன்றாக அல்ல, சிறு சிறு மணிகளாக அதே இடத்தில் வந்தது. அதன் உறை மெல்லியது. விரல்கள்போல் சிறு நீட்சிகள் உறையைத் தாண்டி நிற்கும். தோண்டும்போது அவை உள்ளே தங்கிவிடுகின்றன. இதனால் இன்று சுற்றியுள்ள நல்ல இழையத்தின் ஒரு பகுதியுடன் சேர்த்தே கட்டியை அகற்றுகிறார்கள். இம்முறையில் மீண்டும் வருவது நூற்றுக்கு ஒரு சிலராகக் குறைந்துவிட்டது.

கன்னச் சுரப்பியில் சத்திரசிகிச்சை செய்வது இலேசான காரியமல்ல. நமது முகநரம்பு இந்தச் சுரப்பியின் ஊடாகவே செல்கிறது. சுரப்பிக்குள் நுழைந்த பின் ஐந்து பிரதான கிளைகளாகப் பிரிந்து, நெற்றி, கண், கன்னம், உதடு, கழுத்து என்று போகிறது. கண்ணை மூடுவதும், புன்னகைப்பதும், வாயில் நீர் வைத்துக் கொப்பளிப்பதும் இந்தக் கிளைகளால்தான். நரம்பை முதலில் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொரு கிளையாக விலக்கி வைத்துவிட்டே சத்திரசிகிச்சை நிபுணர் சுரப்பியை அகற்றுவார். அதன் பின் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ முகம் சற்றுக் கோணியிருப்பதுண்டு. நரம்பு வெட்டப்படவில்லையானால் அநேகமாக அது தேறிவிடும். புற்றுநோய் நரம்பையே விழுங்கியிருந்தால் மட்டும் அதை வெட்டி, கால் அல்லது கழுத்திலிருந்து எடுத்த வேறு நரம்பை அங்கே ஒட்டுவார்கள்.

கத்தி எட்டாத இடம்

இப்போது உம்மாவின் கேள்விக்கு வருவோம்.

"எல்லாம் எடுத்தாயிற்று" என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னது பொய்யல்ல. கண்ணுக்குத் தெரிந்த எல்லாம் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் எடுத்த கட்டி நோயியல் பகுதிக்குப் போய், நுணுக்குக்காட்டியில் பார்க்கப்பட்டு, அறிக்கை வரச் சில நாட்கள் செல்லும். கண் காணாததை அந்த அறிக்கைதான் சொல்கிறது. கட்டியின் விளிம்புக்கும் வெட்டிய விளிம்புக்கும் இடையில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான் இடைவெளி இருந்தது என்று அது சொல்லலாம். கட்டி எலும்பைத் தொட்டிருந்தது, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது, நரம்பின் உறை வழியே ஊர்ந்திருந்தது என்றும் சொல்லலாம்.

வேறு இடத்தில் வரும் புற்றுநோயானால், சந்தேகம் வந்தால் இன்னும் இரண்டு சென்ரிமீற்றர் அகலமாக வெட்டலாம். முகத்தில் அப்படி வெட்ட எங்கே இடம்? ஒரு பக்கம் முகநரம்பு, மறுபக்கம் காது, உள்ளே மண்டையோட்டின் அடித்தளம். நரம்பைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சில கலங்கள் தப்பி நிற்க இடம்கொடுத்தே ஆகவேண்டும். தப்பி நிற்கும் அந்தக் கலங்களுக்காகவே கதிர்வீச்சு.

கதிர்வீச்சு கலத்தின் மரபணுவைத் தாக்குகிறது. புற்றுநோய்க் கலம் அந்தப் பாதிப்பைச் சரிசெய்துகொள்ள முடியாமல் அழிகிறது. நல்ல கலமும் அடிபடுகிறது. ஆனால் அதற்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் அதிகம். ஆகவேதான் முழு அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல், சிறு சிறு பங்குகளாக ஆறு வாரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் கத்தியே இல்லாமல் கதிர்வீச்சை மட்டும் கொடுத்தால் என்ன? சத்திரசிகிச்சை செய்யவே முடியாத நோயாளிகளை வைத்து அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஒரு சிறு பரீட்சார்த்தம் நடந்தது. அதன் பத்து வருட முடிவு 1993இல் வெளியானது. வழக்கமான கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 17 பேரிடமே நோய் அந்த இடத்தில் அடங்கியிருந்தது. நியூத்திரன் கதிர் பெற்றவர்களில் அது 56 ஆக இருந்தபோதிலும், ஆயுள் அதனால் நீளவில்லை. பெரும் கட்டியைக் கதிர் மட்டும் கரைப்பது கடினம். கத்தி பெரும் பகுதியை அகற்றிய பின், மிஞ்சிய சில கலங்களை அழிப்பதுதான் கதிருக்கு இயலுமான வேலை.

கணக்கு என்ன சொல்கிறது?

நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தின் வைத்தியர்கள் 1990இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். 1966ஆம் ஆண்டுக்குப் பின் இரண்டு சிகிச்சைகளையும் பெற்ற 46 பேரை, அதற்கு முன் சத்திரசிகிச்சை மட்டும் பெற்ற, நோயின் தன்மையில் ஒத்த நோயாளிகளுடன் சோடி சேர்த்துப் பார்த்தார்கள். முற்றிய நிலையில் இருந்தவர்களில் ஐந்து வருடம் உயிர் தப்பியவர்கள், சத்திரசிகிச்சை மட்டும் பெற்றோரில் நூற்றுக்குச் சுமார் 10 பேர். இரண்டையும் பெற்றோரில் சுமார் 51 பேர். ஆனால் ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்கு, கதிர்வீச்சைச் சேர்த்ததால் கூடுதல் பயன் தெரியவில்லை.

நெதர்லாந்தின் தலை, கழுத்துப் புற்றுநோய் நிபுணர்களின் கூட்டுக்குழு 2005இல் இன்னும் பெரிய கணக்கொன்றைத் தந்தது. 498 நோயாளிகளில் 386 பேர் இரண்டு சிகிச்சைகளையும், 112 பேர் சத்திரசிகிச்சையை மட்டும் பெற்றிருந்தார்கள். கட்டி பெரிதாக இருந்தவர்களில், பத்து வருடம் கழிந்த பின்னும் அதே இடத்தில் நோய் திரும்பாதிருந்தது, கதிர்வீச்சும் பெற்றவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு. சத்திரசிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 18 பேருக்குத்தான். வெட்டிய விளிம்பு நெருக்கமாக இருந்தவர்களில் 95க்கு எதிராக 55. நரம்பின் வழியே நோய் ஊர்ந்திருந்தவர்களில் 88க்கு எதிராக 60.

இவை சீட்டுக் குலுக்கி நோயாளிகளை இரண்டாகப் பிரித்து நடத்திய பரீட்சார்த்தங்கள் அல்ல. பழைய பதிவுகளை ஒப்பிட்டவை. மிக அரிதான நோய் என்பதால் பெரிய பரீட்சார்த்தம் நடத்துவது எளிதல்ல. என்றாலும் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருப்பதால், ஆபத்துக் கூடிய நோயாளிகளுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே இன்று உலகெங்கும் வழக்கமாகியிருக்கிறது.

யாருக்குத் தேவை? யாருக்குத் தேவையில்லை?

கட்டி பெரிதாக இருந்தால், விளிம்பு நெருக்கமாகவோ முழுமையற்றோ இருந்தால், நுணுக்குக்காட்டியில் வீரியமான இனம் என்று தெரிந்தால், நரம்பிலோ எலும்பிலோ நிணநீர்க் கணுவிலோ பரவல் இருந்தால் கதிர்வீச்சு தேவை. 'அடினோயிட் சிஸ்டிக்' என்ற இனத்துக்கு நரம்பு வழியே வெகுதூரம் ஊரும் இயல்பு இருப்பதால், அதற்கும் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

சிறிய, வீரியம் குறைந்த, முழுமையாக அகற்றப்பட்ட புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை மட்டுமே போதும். புற்றுநோயல்லாத கட்டிக்கு முதல் தடவையில் கதிர்வீச்சு தேவையே இல்லை. கதிர்வீச்சினாலேயே பல வருடங்களின் பின் வேறு கட்டி வரச் சிறு வாய்ப்பு உண்டு என்பதை ஹிரோஷிமாவின் அனுபவத்தில் பார்த்தோம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள், எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். தீர்ப்பு அறிக்கையில் இருக்கிறது. "அறிக்கையில் என்ன இருக்கிறது?" என்று வைத்தியரிடம் கேட்பது நோயாளியின் உரிமை.

அந்த ஆறு வாரங்கள்

சத்திரசிகிச்சைக் காயம் ஆறியதும், இயன்றவரை ஆறு வாரங்களுக்குள் கதிர்வீச்சைத் தொடங்குவது நல்லது. முதலில் முகத்துக்கு அளவெடுத்து, வலைபோன்ற ஒரு முகமூடி செய்வார்கள். தலை அசையாமல் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் கதிர் படுவதற்கு அது உதவுகிறது. பிறகு கிழமைக்கு ஐந்து நாட்கள் வீதம், 30 முதல் 33 நாட்கள். ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள்தான். கதிர் பாயும்போது வலியோ சூடோ தெரியாது.

வெளியிலிருந்து இயந்திரத்தால் கொடுக்கும் இந்தக் கதிர் உடம்பில் தங்குவதில்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த தாய் தன் பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம், ஒரே சஹனில் உண்ணலாம். புற்றுநோயும் தொற்றுநோயல்ல. நோயாளியைத் தனி அறையில் ஒதுக்கி வைப்பது அறியாமை.

நமது நாட்டில் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும், கண்டி, கராப்பிட்டிய, தெல்லிப்பளை, மட்டக்களப்பு போன்ற இடங்களிலும் அரசாங்கத்தின் கதிர்வீச்சுச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. சிகிச்சை இலவசமானாலும் தூர இடத்திலிருந்து வருபவர்களுக்குத் தங்குமிடமும் போக்குவரத்தும் பெரும் சுமை. மூன்றாவது, நான்காவது கிழமையில் வாய் புண்ணாகி, உணவு இறங்காமல் இருக்கும்போது "போதும், ஊருக்குப் போவோம்" என்ற எண்ணம் வருவது இயல்பு. இடையில் நிறுத்தினால் தப்பி நிற்கும் கலங்கள் மீண்டும் பெருகச் சந்தர்ப்பம் கிடைத்துவிடும். இந்த வேளையில் உறவினரும் ஊராரும் செய்யக்கூடிய பெரிய உதவி, நோயாளியின் குடும்பத்துக்குப் பயணச் செலவையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையும் பொறுப்பேற்பதுதான்.

வாயும் பல்லும் தோலும்

கதிர்வீச்சு தொடங்க முன்னரே பல் வைத்தியரிடம் போகவேண்டும். கழற்ற வேண்டிய பற்களை முன்கூட்டியே கழற்றி, காயம் ஆறிய பின்பே கதிர் கொடுக்கப்படும். கதிர் பட்ட தாடை எலும்பில் பின்னர் பல் கழற்றினால் காயம் ஆறாமல் எலும்பு சிதையக்கூடும். எத்தனை வருடம் கழிந்தாலும், பல் வைத்தியரிடம் போகும்போது "இந்தப் பக்கம் எனக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள்" என்று சொல்ல மறக்கக்கூடாது.

வாய் வறட்சி, சுவை தெரியாமை, வாய்ப்புண், தோல் கறுத்தல், வாயை அகலத் திறக்க முடியாமை ஆகியவை வழக்கமான பக்க விளைவுகள். ஒரு பக்கத்துக்கு மட்டும் கதிர் கொடுக்கப்பட்டால் மறுபக்கச் சுரப்பிகள் தப்புவதால், வறட்சி ஓரளவு குறையும். அடிக்கடி ஒரு மிடறு நீர், கஞ்சி, சூப், நன்கு மசித்த சோறு, முட்டை, தயிர் என்று மென்மையான உணவு கொடுங்கள். மிளகாய், புளி, கொதிக்கும் தேநீர் வேண்டாம். வாயைத் திறந்து மூடும் பயிற்சியை ஒவ்வொரு நாளும் செய்யவேண்டும்.

வுழூச் செய்யும்போது முகத்தில் சாதாரண தண்ணீர் படுவதால் பெரும்பாலும் தீங்கில்லை. தேய்க்காமல் மெதுவாக ஒற்றித் துடைத்தால் போதும். தோல் உரிந்து புண்ணாகிவிட்டால் வைத்தியரைக் கேளுங்கள். அத்தர், பவுடர், களிம்பு எதையும் கேட்காமல் பூசவேண்டாம். ஆண்களுக்குக் கதிர் பட்ட இடத்தில் தாடி உதிரலாம். அந்த இடத்தில் சவர அலகு படக்கூடாது.

சிகிச்சை நடக்கும்போது ரமழான் வந்தால், வறண்ட வாயோடும் புண்ணான தொண்டையோடும் நோன்பிருப்பது உடல் நிறையையும் நீரையும் குறைத்துச் சிகிச்சையையே குழப்பிவிடும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை, வீட்டார் எடுத்துச் சொல்லி ஏற்கச் செய்யவேண்டும். சிகிச்சை முடிந்த பின்னும் வறட்சி நீடிப்பவர்கள் வைத்தியரையும் உலமாக்களையும் கலந்து முடிவெடுக்கட்டும்.

முகநரம்பு பலவீனமாகி கண் மூடாதவர்கள், பகலில் கண் மருந்துத் துளி விட்டு, இரவில் கண்ணை மூடி மெல்லிய பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ள வேண்டும். கவனியாது விட்டால் கருவிழி புண்ணாகிவிடும். இன்னும் சிலருக்குச் சத்திரசிகிச்சைக்குச் சில மாதங்கள் கழித்து, உண்ணும்போது கன்னம் வியர்க்கும். உமிழ்நீருக்குப் போன நரம்பு நுனிகள் வளரும்போது வியர்வைச் சுரப்பியோடு இணைந்துவிடுவதே காரணம். பயப்பட ஒன்றுமில்லை, இதற்கும் சிகிச்சை உண்டு.

பத்து வருடம் கழித்தும்

பல புற்றுநோய்களில் ஐந்து வருடம் தாண்டினால் பெருமூச்சு விடலாம். அடினோயிட் சிஸ்டிக் இனம் அப்படியல்ல. பத்து, பதினைந்து வருடங்களின் பின்னும் அதே இடத்திலோ நுரையீரலிலோ தலைகாட்டக்கூடியது. எனவே கிளினிக் அட்டையைத் தொலைக்காமல் வைத்திருங்கள். குறிப்பிட்ட திகதிகளில் தவறாமல் போங்கள். நன்றாக இருக்கிறேன் என்பது போகாமலிருப்பதற்குக் காரணமல்ல. சத்திரசிகிச்சை அறிக்கை, நோயியல் அறிக்கை, கதிர்வீச்சு அளவுக் குறிப்பு ஆகிய மூன்றையும் ஒரே கோவையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாருக்காவது காதின் கீழோ தாடையின் கீழோ மூன்று கிழமைகளுக்கு மேல் கரையாத கட்டி இருந்தால், நாளை காலையிலேயே வெளிநோயாளர் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். கதிர்வீச்சுக்கான கடிதம் ஒன்று அலுமாரியில் கிடந்தால், அதையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். நாள் கடந்துவிட்டது என்று வெட்கப்படத் தேவையில்லை. இனி என்ன செய்யலாம் என்று வைத்தியர் பார்த்துச் சொல்வார்.